பல் டாக்டரின் கை மை விட்ட வரலாறு

இலக்கிய உலகம், பல் மருத்துவ உலகம், சலவை உலகம் ஆகிய மூன்றுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது என்னவென்றால், கடைவீதி முனையில் மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருபத்திரண்டு வருடமாகப் பல் பிடுங்கிவந்த டாக்டரின் வலது உள்ளங்கையிலிருந்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றேகாலுக்கு மை சுரக்க ஆரம்பித்தது. கருநீல மை. அப்போது நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தவர் ஒரு பூகோள ஆசிரியை. சுவரோரம் கண்ணாடி அலமாரிக்குள் வரிசையாகப் படுத்திருந்த பேனாக்களை அவர் கண்ணாலேயே காட்டி என்னவென்று கேட்க, டாக்டர் கையிலிருந்த கருவியை நிறுத்தாமல், "எல்லாம் பெரிய எழுத்தாளர்கள் ஞாபகமா செஞ்ச பேனாங்க. மூணாவதா இருக்காரே, அவர் எழுதினது ஒண்ணு விடாம படிச்சிருக்கேன்" என்றார். சொல்லி வாயை மூடுவதற்குள் கையுறையின் ஐந்து விரல் நுனிகளும் பசுவின் மடிபோல வீங்கின. ஆசிரியை வீட்டுக்குப் போனபோது வலி போயிருந்தது, நாக்கு நீலமாக இருந்தது. இரண்டு நாளில் அதுவும் போயிற்று. அவர் புகார் எதுவும் சொல்லவில்லை. அவர் தெருக் குழாயில் அதைவிட மோசமான நிறங்கள் வந்திருக்கின்றன.

அலமாரியில் அப்போது முப்பத்தொரு பேனா இருந்தது. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று அவ்வப்போது செத்துப்போன எழுத்தாளர் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவர் பெயரில் சில நூறு பேனாக்களை எண் போட்டுச் செய்து விற்கும். சிறையில் எழுதியவருக்கு மூடியில் வெள்ளிக் கம்பிகள். காசநோயில் போனவருக்குக் கிளிப்பில் ஒரு சொட்டு சிவப்புக் கல். வாடகை கொடுக்க வழியில்லாமல் பன்னிரண்டு வீடு மாறியவருக்கு உடம்பெல்லாம் தங்கத் தகடு. அந்த ஒரு பேனாவை அவரிடம் அப்போதே கொடுத்திருந்தால் பன்னிரண்டாவது வீட்டை விலைக்கே வாங்கியிருப்பார், எழுதுவதையும் விட்டிருப்பார். இந்தப் பேனாக்களில் மை ஊற்றக் கூடாது என்பது சேகரிப்பவர்களின் முதல் விதி. ஒரு தடவை மை பட்டுவிட்டால் அது வெறும் பேனா ஆகிவிடும். டாக்டர் பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, மறுபடி படுக்கவைப்பார். மருந்துச் சீட்டு எழுதப் பற்பசைக் கம்பெனி இலவசமாகத் தந்த பால்பாயிண்ட் பேனா இருந்தது. ஒவ்வொரு பெட்டியிலும் வெல்வெட் மெத்தைக்கு அடியில் எட்டுப் பக்கத்தில் ஒரு கையேடு இருக்கும்: எழுத்தாளர் பிறந்தது, பட்டது, எழுதியது, செத்தது. டாக்டரின் இலக்கியப் படிப்பு முழுவதும் இந்தக் கையேடுகள்தான். அவர் மட்டும் என்ன, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நகைக்கடைக்காரர் வீட்டு ஹாலில் கூடும் பேனா அன்பர்கள் வட்டத்தில் பதினொரு பேர். பதினொரு பேரும் அதே எட்டுப் பக்கத்தைப் படித்துவிட்டு வந்ததால் அங்கே நிலவிய கருத்தொற்றுமையை வேறெந்த இலக்கிய அமைப்பிலும் யாரும் கண்டதில்லை.

இந்த வியாதிக்கு மூலம் ஒரு கடைவாய்ப் பல். டாக்டர் தொழில் தொடங்கிய முதல் வருடம், அச்சகத்தில் புரூஃப் பார்க்கிற பெண் ஒருத்தி கன்னம் வீங்கி வந்து உட்கார்ந்தாள். மடியில் ஒரு நாவல், அட்டை கிழிந்து ஒட்டுப்போட்டது. உப்புக் கிடங்கில் எடைக் குமாஸ்தாவாக இருந்த ஒருவர் தன் ஆயுளில் எழுதிய ஒரே புத்தகம். ஊசி போட்டு, வாய் மரத்துப்போகக் காத்திருந்த ஐந்து நிமிடத்தில் டாக்டருக்கு அவளைப் பிடித்துப்போய்விட்டது. பேசுவதற்கு ஏதாவது விஷயம் வேண்டியிருந்தது. "நானும் படிச்சிருக்கேங்க. கடைசி அத்தியாயத்துல அழுதுட்டேன்" என்றார். மரத்த வாயால் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. அவள் கண்ணில் நீர் வந்தது. பல்லுக்கா, நாவலுக்கா என்று டாக்டர் ஆராயவில்லை. எட்டு மாதத்தில் கல்யாணம். அவள் தன் அக்காவிடம் சொன்ன காரணம் ஒன்றே ஒன்றுதான்: "அந்தப் புத்தகத்தப் படிச்சு அழுத ஆம்பளக்கா." இதை டாக்டர் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டார். அன்றைக்கே உட்கார்ந்து படித்திருந்தால் இப்படி ஒரு வரலாறே எழுத வேண்டியிருக்காது. எடுக்கத்தான் செய்தார். முதல் பக்கத்தில் ஓர் உப்பு மூட்டையை எடைபோட்டார்கள். ஆறாவது பக்கத்திலும் போட்டுக்கொண்டிருந்தார்கள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மூடி வைத்தார். படிக்காததை மறைக்க முதல் பேனாவை வாங்கினார். அதைப் பார்த்து எப்பேர்ப்பட்ட வாசகர் என்று நாலு பேர் சொன்னார்கள். மறைக்க வேண்டியது இன்னும் பெரிதானது. இன்னொரு பேனா வாங்கினார். மனைவி அந்த நாவலைப் பற்றிப் பேச்செடுக்கும்போதெல்லாம் அவர் கண்ணை மூடித் தலையை மட்டும் ஆட்டுவார். அவள் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டு பேச்சை நிறுத்திவிடுவாள். அவர் எழுந்து குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நிற்பார்.

மை விஷயத்துக்குத் தோல் டாக்டரைப் பார்த்தார்கள். அவர் உள்ளங்கையை லென்ஸ் வைத்துப் பார்த்து, "மைதான். நல்ல மை, சீக்கிரம் காயுது" என்று சொல்லி ஒரு களிம்பு எழுதித் தந்து, போகுமுன் தன் பேனாவையும் நிரப்பிக்கொண்டார். இரண்டு மாதத்தில் நோயின் போக்கு பிடிபட்டது. புத்தக விஷயத்தில் வாய் பொய் சொன்னால் கை மை விடும். மற்றப் பொய்களுக்கு விடாது. "கொஞ்சம்கூட வலிக்காது" என்று ஒரு நாளைக்கு முப்பது தடவை சொல்வார்; கை உலர்ந்தே இருக்கும். "டாக்டர், கையில வேலை இருக்கிறப்ப இலக்கியம் பேசாதீங்க. நேத்து ஒரு பல்செட்டே நாசமாப்போச்சு" என்று கிளினிக் சிஸ்டர் கண்டித்துச் சொல்லிவிட்டு, நாற்காலிக்குக் கீழே ஒரு தட்டு வைத்தார். நகைக்கடைக்காரர் கூட்டம் நடக்கும் நாளில் கம்பளத்தைச் சுருட்டி வைக்கலானார். பத்திரம் எழுதுகிறவர்கள் காலிப் புட்டிகளோடு மாடிப்படியில் நிற்க ஆரம்பித்தார்கள். "சார், ஏழு பாகத்துல ஒருத்தர் எழுதினாராமே, படிச்சிருக்கீங்களா?" என்று ஒருவர் கேட்பார். இல்லை என்று சொல்ல டாக்டருக்கு எவ்வளவு முயன்றாலும் வாய் வராது. "ரெண்டு தடவ" என்பார். அரைப் புட்டி. "எப்ப சார் நேரம் கிடைக்குது உங்களுக்கு?" என்று கேட்டால் மீதியும் நிரம்பிவிடும். அவர்கள் போனபின் டாக்டர் காதெல்லாம் சுட, ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து விரல் இடுக்குகளைத் துடைத்துக்கொண்டிருப்பார். அது எளிதில் போகாத மை.

ஊருக்கே தெரிந்த விதி மனைவிக்குத் தெரியாமல் இருக்குமா. பெரிய பெரிய எழுத்தாளர்கள் விஷயத்தில் வீட்டுக்காரர் அளக்கிறார் என்பதை அவள் புரிந்துகொண்டு, அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல், சட்டைகளை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்தாள். அந்த ஒரு நாவல் உண்மையாக இருந்தால் போதும் அவளுக்கு. அந்த நாவல் விஷயத்தில் டாக்டர் வாயால் எதையும் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டிவந்ததால் கை அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. இப்படியே ஐந்து வருடம் போயிற்று. பிறகு அந்த வெளிநாட்டுக் கம்பெனி, எங்கேயோ யாரோ சொல்லி, உப்புக் கிடங்குக் குமாஸ்தாவுக்கு ஒரு பேனா செய்வதாக அறிவித்தது. மூட்டைகளில் எண் எழுதி மிச்சமான பென்சில் துண்டுகளால்தான் அவர் நாவல் முழுவதையும் எழுதினார் என்பதால், பேனாவைப் பென்சில் துண்டு மாதிரியே கருங்காலி மரத்தில் கடைந்து, நுனியில் உப்புக்கல் போல ஒரு வைரம் வைத்திருந்தார்கள். மொத்தம் முந்நூறு. கையேட்டை மட்டும் உள்ளூரிலேயே, அவள் வேலை பார்க்கும் அச்சகத்தில் அடித்தார்கள். டாக்டருக்கு எண்பத்தேழாவது பேனா வந்தது. அவர் பேனாவைப் பார்க்கவில்லை. கிளினிக் கதவைச் சாத்திவிட்டுக் கையேட்டின் ஏழாவது பக்கத்தைப் படித்தார். மூட்டை தைக்கும் பெண், விடியற்காலையில் படித்துறையில் இறங்கி ஆற்றில் மூழ்கிச் சாவதோடு நாவல் முடிகிறது என்று போட்டிருந்தது. தான் எதற்காக அழுதோம் என்பது இருபத்தாறு வருடத்துக்குப் பிறகு அவருக்குத் தெரிந்தது. பாவம், யாராக இருந்தாலும் அழத்தான் செய்வார்கள் என்று அவருக்குத் தோன்றியது.

வெளியீட்டு விழாவில் பாராட்டுரை அவருக்கு. மனைவி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் குமாஸ்தாவின் பசியைச் சொன்னார், பென்சிலைச் சொன்னார், கடைசியில் படித்துறைக்கு வந்தார். "இந்த நாவலைப் படித்த அன்று" என்று ஆரம்பித்தபோதே இரண்டு உள்ளங்கையும் ஊறின. "அவள் தலைக்கு மேல் தண்ணீர் போகும் அந்த வரியில்" என்றபோது குரல் உடைந்து நிஜமாகவே அழுதார். மை ஒலிபெருக்கிக் கம்பத்தில் வழிந்து, மேடை விரிப்பை நனைத்து, படி இறங்கி, முதல் வரிசைக்காரர்களின் செருப்பைத் தொட்டது. அவர்கள் காலைத் தூக்கிக்கொண்டு கேட்டார்கள். "ஆகா, அந்த மூழ்கும் இடம்!" என்று நகைக்கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொள்ள, வட்டத்தின் மற்ற ஒன்பது பேரும் அதே இடத்தில்தான் தாங்களும் உடைந்ததாகத் தலையசைத்தார்கள். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. மனைவி மட்டும் தட்டவில்லை. தலையைக் குனிந்து மடியிலிருந்த கையேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னை நினைத்துத்தான் வெட்கப்படுகிறாள் என்று டாக்டர் எண்ணினார். பாதிதான் சரி.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது அவள் சொன்னாள்: "அவ சாகலங்க."

"எவ?"

"மூட்டை தைக்கிறவ. கழுத்தளவு தண்ணி வரைக்கும் போவா. அப்புறம் ஏறி வந்து, துணியப் பிழிஞ்சு கட்டிக்கிட்டு வேலைக்குப் போயிடுவா. அதான் முடிவு."

"வருஷமாச்சுல்ல, மறந்துபோச்சு" என்றார் டாக்டர். மை கட்டைவிரலிலிருந்து கோடாக இறங்கித் தரையில் சொட்டியது. இருவரும் அதைப் பார்த்தார்கள். ஒளித்துவைக்க இடமில்லாமல் அவர் கையைப் பின்னால் கட்டிக்கொள்ள, மை முதுகுப்பக்கம் போயிற்று.

"அந்தத் தப்பு என் கை வழியாத்தான் போச்சு" என்றாள் அவள். "கம்பெனிக்காரன் எழுதி அனுப்பினதே தப்பு. புரூஃப்ல பாத்தேன். பென்சில் கையில இருந்துச்சு. திருத்தாம விட்டுட்டேன். இத்தன வருஷத்துல தெரிஞ்சே விட்ட தப்பு இது ஒண்ணுதான்."

"என்னக் கையும் களவுமாப் பிடிக்கவா?"

"பிடிக்கவா? பொட்டியத் திறந்ததும் ஓடி வருவீங்கன்னு நெனச்சேன். என்னடி, உங்க பிரஸ்ல இப்படித் தப்பா அடிச்சு வெச்சிருக்கீங்கன்னு சத்தம் போடுவீங்கன்னு. நாலு நாள் வாசலப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

டாக்டர் ஸ்பிரிட் புட்டியைத் தேடி எடுத்தார். சொல்ல இருந்ததெல்லாம் புத்தக விஷயமாகவே இருந்தது. அன்றைக்குப் பூசிய வெட்கத்தை எந்த ஸ்பிரிட்டும் எடுக்கவில்லை. மறுநாள் அவள் முதலாளியிடம் போய்ப் பிழையை ஒப்புக்கொண்டு, வேலையை விட்டுவிடுவதாகச் சொன்னாள். "அம்மா, பேனா வாங்குறவன் எவன் படிக்கப்போறான்?" என்று முதலாளி அவளைத் திரும்ப மேஜைக்கு அனுப்பிவிட்டார். அவர் சொன்னதும் சரிதான். முந்நூறு பேரில் ஒருவர்கூடக் கம்பெனிக்கு ஒரு வரி எழுதிப் போடவில்லை. பேராசிரியர் ஒருவர் மட்டும் அந்த நாவலில் நீரில் மூழ்குதல் என்பதன் தத்துவம் பற்றி நாற்பது பக்கக் கட்டுரை எழுதிப் பரிசு வாங்கினார்.

டாக்டர் நாவலை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனார். ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் நடுவில் இரண்டு பக்கம் என்று ஐந்து மாதம் படித்தார். "என்ன டாக்டர், நிஜமாவே படிக்கிறீங்களா?" என்று சிஸ்டர் கேட்டபோது, "ஆமா" என்று சொல்லிவிட்டுத் தன் கையையே ஆச்சரியமாகப் பார்த்தார், அது உலர்ந்திருந்தது. உப்பு எடைபோடுதல் அறுபத்து மூன்றாம் பக்கம் வரை போயிற்று. அப்புறம் மழையில் கொஞ்சம் உப்பு கரைந்தது. கடைசி அத்தியாயத்துக்கு முன் முகம் கழுவிக்கொண்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, அழுவதற்குத் தயாராக உட்கார்ந்தார். அவள் இறங்கினாள். கழுத்தளவு போனாள். ஏறி வந்தாள். துணியைப் பிழிந்தாள். டாக்டர் பக்கத்தைத் திருப்பினார், பின்னட்டை. எதுவும் ஆகவில்லை. லேசாகப் பசித்தது. இரவல் வாங்கிய ஒரு சொட்டுக் கண்ணீரில் ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டோம், இப்போது சொந்தமாக ஒரு சொட்டு வரவில்லையே என்று அவருக்கு இதுவரை வராத வகையில் கூச்சம் வந்தது. கண்ணை அழுத்தித் தேய்த்துப் பார்த்தார். சிவந்ததே தவிர நனையவில்லை.

சாயங்காலம் அவர் புத்தகத்தை மேஜையில் வைத்ததைப் பார்த்து மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவள் முகம் ஊசி போட்டுக் காத்திருந்த அந்த ஐந்து நிமிடத்து முகமாகவே இருந்தது.

"முடிச்சிட்டீங்களா?"

"முடிச்சிட்டேன்" என்றார். கை உலர்ந்திருந்தது.

"எப்படி?"

டாக்டர் அவளைப் பார்த்தார். "பிரமாதம்" என்றார்.

முதலில் சுண்டுவிரலில் சொட்டியது. பிறகு எல்லா விரலிலும். அவள் அதைப் பார்த்தாள். "எந்த இடம் பிடிச்சுது?" என்றாள்.

"எல்லாமே."

அவள் போய் வாளியை எடுத்துவந்து அவர் கைக்குக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அன்றிலிருந்து வாரத்தில் ஒரு நாளாவது அவர்கள் வீட்டில் அந்த நாவலைப் பற்றிப் பேச்சு நடக்கிறது. அவள் கேட்பாள், அவர் புகழ்வார், வாளி நிறையும். அச்சகத்துக்கு அந்த மைதான் போகிறது. பத்திர எழுத்தர்கள் வீட்டுக்கே வந்து வாங்கிக்கொள்கிறார்கள். நகராட்சி அந்தத் தெருச் சாக்கடை நீலமாக இருப்பது குறித்து ஒரு தடவை நோட்டீஸ் அனுப்பிவிட்டுப் பிறகு விட்டுவிட்டது. இவ்வளவுக்கும் காரணமான நாவல் எப்படித்தான் இருக்கும் என்று ஊரில் பலரும் வாங்கிப் படித்தார்கள். சுமார்தான்.