ஹில்டெவுக்கு எங்கள் நன்றி

தேவாலயத்தில், இறுதிச் சடங்கின் காணிக்கை வரிசையில் வந்த ஒவ்வொருவர் கையிலும் அப்பாவின் நினைவு அட்டையை வைத்துக்கொண்டிருந்தாள் வேர்லே. முன்பக்கம் படம், பின்பக்கம் குடும்பத்தின் நன்றி.

படம் தேர்தல் சுவரொட்டியிலிருந்து வெட்டியது. ஆன்ட்வெர்ப் துறைமுகத்தை ஒற்றைத் தாடையால் அடைத்துவிடப் போகிறவர் மாதிரி நின்றார் ஹுபெர்ட் ஸ்ட்ராக்கெ. இருபத்தாறு வருஷம் 'வந்தவர்கள் போகட்டும்' என்று மேடைக்கு மேடை முழங்கியவர். மொராக்கோக்காரர்களை இழிவுபடுத்திய துண்டறிக்கைக்காக நீதிமன்றம் அபராதம் போட்டபோது, தீர்ப்பைக் கண்ணாடி போட்டு வரவேற்பறையில் மாட்டினார். கடைசி இரண்டு வருஷம் அந்தக் கண்ணாடியைத் துடைத்தது மொராக்கோக்காரி ஹஃபீதா. அவரைக் குளிப்பாட்டியதும் அவள்தான். "வாயைத் திறங்க தலைவரே, பேச இல்ல, சூப்புக்கு" என்பாள். தலைவர் திறப்பார்.

திங்கட்கிழமை, அட்டையின் மாதிரியோடு கட்சிச் செயலாளர் யூர்கன் வந்திருந்தார்.

"பாரும்மா, ஹஃபீதான்னு அச்சடிச்சா பத்திரிகைக்காரன் சிரிப்பா சிரிப்பான். நம்ம ஊர்ப் பேரா ஹில்டென்னு போடு. ஆளுங்க வந்தா உங்கப்பாவே அப்படித்தான கூப்பிடுவாரு?"

"அது அவங்க பேரு இல்லையே."

"செத்தவருக்குத் தெரியவா போகுது?"

"நான் அப்பாவுக்காகச் சொல்லல."

"அப்ப யாருக்காக? அச்சகத்துக்காரன் நாலு மணிக்குச் சாத்திருவான், சீக்கிரம் சொல்லு."

ஹில்டே என்றே அச்சகத்துக்கு மின்னஞ்சலை அனுப்பியது வேர்லேயின் விரல்தான். 'ஸ்ட்ராக்கெ உங்களுக்குச் சொந்தமா?' என்று கேட்ட சக ஆசிரியைகளிடமெல்லாம் 'ஏதோ தூரத்து வழி' என்று சொல்லிவந்த அதே வேர்லே.

சவப்பெட்டிக்கு வணக்கம் வைக்கக் கட்சிக்கொடி கம்பீரமாகத் தாழ்ந்தது. ஒரு மெழுகுவர்த்தியையும் சாய்த்தது. கொடியின் புகைந்த நுனியை யூர்கன் ஓடிவந்து தன் ஷூவால் மிதித்தார். வரிசை மரியாதையாகக் காத்திருந்து, மறுபடி நகர்ந்தது.

அடுத்து நின்றது ஹஃபீதா.

"தூங்கினீங்களா வேர்லே?"

"கொஞ்சம்."

அட்டையை வாங்கித் திருப்பினாள். 'இறுதிவரை அன்போடு கவனித்துக்கொண்ட ஹில்டெவுக்கு எங்கள் நன்றி.' ஒரு வரிதான். அதை வாசிக்க அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று.

"ஹஃபீதா, நான்..."

"தாடை நல்லா விழுந்திருக்கு படத்துல. சவரம் பண்ண விடாம அதை வச்சுத்தான் அடம் புடிப்பாரு."

அட்டையைக் கைப்பைக்குள் வைத்தாள். அதே கை, ஒரு சாவியோடு வெளியே வந்தது.

"பின்கதவோடது. சார் கொடுத்து வச்சிருந்தாரு. இனிமே எனக்கு எதுக்கு?"

வேர்லேயின் உள்ளங்கையில் வைத்துவிட்டு நடந்தாள்.

சாவியில் நூல் கட்டி ஒரு அட்டைத்துண்டு தொங்கியது. பெரிய, நடுங்கிய எழுத்துகள். அப்பாவின் கையெழுத்து. ஹஃபீதா.

அடுத்தவர் லேசாகக் கனைத்தார். அட்டைக்காகக் கையை நீட்டியபடி நின்றிருந்தார்.