பதினொரு நாள் மூடாத பக்கம்

பக்கவாதம் கணவரின் பேச்சை முற்றிலும் எடுத்துக்கொண்டபின், அவள் சனிக்கிழமைதோறும் ஜாவாஸ்கிரிப்ட் என்னும் கணினி மொழியைக் கற்கச் சென்றாள். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த அவரை உடன் வேலை செய்தவர்கள் 'ரேடியோ' என்றே அழைத்தனர். இரண்டு மாடிகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டவர்களிடம், கதவு திறக்கும்வரை ஓயாமல் பேசிக்கொண்டிருப்பாராம். இப்போது இடக்கையின் ஆள்காட்டி விரல் ஒன்றுதான் அவர் சொன்னபடி கேட்டது.

செருப்புக் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் வகுப்பு நடந்தது. நாற்பத்தேழு வயதில் அவளே அங்கு மூத்த மாணவி. நூலகத்தில் புத்தக அட்டவணை எழுதிப் பழகிய கை அவளுடையது. ஆதலால், ஓர் அடைப்புக்குறி விட்டுப்போனாலும் வேலை செய்ய மறுக்கும் நிரல் அவளுக்கு அந்நியமாகத் தோன்றவில்லை.

நான்கு மாதங்களில், பிரவுசரில் திறக்கும் பக்கம் ஒன்றை அமைத்துவிட்டாள். திரையில் உயிரெழுத்தும் மெய்யெழுத்தும் கட்டம் கட்டமாக நிற்கும். விரலால் தொட்டால் எழுத்து மேலே சேரும். 'முடிந்தது' என்னும் பொத்தானைத் தொட்டால், அந்த வரி, எழுதிய நேரத்துடன் கன்சோலுக்குப் போய்விடும். கன்சோல் என்பது, பக்கத்துக்குப் பின்னால் நிரல் தன் குறிப்புகளை எழுதும் இடம். பிழை தேடுவதற்காக வகுப்பில் அதைக் காட்டியிருந்தார்கள். அவளோ அதைக் குறிப்பேடாகவே கொண்டாள். சோதித்துப் பார்த்த நாள்களில் வரிகள் மறைந்ததுண்டு; நிரலைத் திருத்துவதனால் மறைகின்றன என்று எண்ணினாள். திருத்தி முடித்துக் கணவரின் கட்டிலருகே லேப்டாப்பை வைத்தபின், அந்தப் பக்கத்தை அவள் மூடவே இல்லை. மூடித் திறந்தால் ஏதாவது கெட்டுவிடுமோ என்ற அச்சம்.

மாலையில் நூலகத்திலிருந்து வந்ததும், கைப்பையைக்கூட இறக்காமல் கன்சோலைத் திறப்பாள். முதல் நாளிலிருந்து எழுதியதெல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக அங்கே நின்றது.

'முதுகில் அரிப்பு. இதை எழுதி முடிப்பதற்குள் போய்விட்டது.'

'தம்பி பாடுகிறான். எனக்குக் காது நன்றாகக் கேட்கிறது என்று மருத்துவரிடம் சொல்.'

பகலில் அவரைப் பார்த்துக்கொண்டவன் அவருடைய தம்பி. மாலைப் பேருந்து ஓட்டுபவன்.

"என்ன அண்ணி, இன்னைக்கு ரேடியோவில நான் எத்தனை தடவை வரேன்?"

"ரெண்டு. ரெண்டும் வசவுதான்."

"வாய் போனாலும் வாய்க்கொழுப்பு போகலை பாருங்க."

கட்டிலில் ஒரு பக்கத் தோள் மட்டும் குலுங்கியது.

பதினோராம் நாள் சனிக்கிழமை. அவளைவிட இருபது வயது இளையவளான பயிற்றுநர், கன்சோலில் ஒரு சொல்லை எழுதிக் காட்டினாள். பக்கத்தை மூடித் திறந்தாள். சொல் இல்லை.

"பார்த்தீங்களா? பக்கம் திறந்திருக்கிற வரைக்கும்தான் இதுக்கு ஆயுசு. நிக்கணும்னா பிரவுசர்லயே சேமிக்கணும். சேமிக்க ஒரு வரி, திரும்ப எடுக்க ஒரு வரி. அவ்வளவுதான்."

அவள் எழுந்துவிட்டாள்.

"என்னக்கா?"

"வீட்டில மூடிடப் போறாங்க."

மாடிப்படியில் நின்று கைபேசியை எடுத்தபோது, கொழுந்தனின் தவறிய அழைப்புகள் நான்கு இருந்தன. திரும்ப அழைத்தாள்.

"அண்ணி, அண்ணனுக்கு மறுபடியும் வந்துடுச்சு. ஆஸ்பத்திரில இருக்கோம். சீக்கிரம் வாங்க."

அன்று மாலை ஐந்து மணிக்கு அவர் இறந்தார்.

வந்தவர்கள் எல்லாரும் போனபின், நான்காம் நாள், கொழுந்தனே லேப்டாப்பைக் கொண்டுவந்து அவள் முன்னே வைத்தான்.

"அன்னைக்கு நீங்க கிளம்பினதும் எழுத ஆரம்பிச்சார், அண்ணி. ஒரு மணி நேரம் இருக்கும். எழுதுவார், அழிப்பார், திரும்ப எழுதுவார். எட்டிப் பார்த்தேன், முறைச்சார். யாருக்குன்னு கேட்டா, நீங்க போன வாசலைக் காட்டினார். கடைசியில அந்தப் பொத்தானை அழுத்தினதை என் கண்ணால பார்த்தேன். படிங்க."

"இதை யாரு அணைச்சது, தம்பி?"

"நான்தான். ஸ்ட்ரெச்சர் கொண்டுவந்தப்ப ஒயர் கால்ல தட்டுச்சு. அணைச்சு ஓரமா வெச்சேன்."

எதைக் காணப்போகிறோம் என்று அறிந்தே திறந்தாள். எழுத்துக் கட்டங்கள் ஒன்றும் குறையாமல் வந்தன. கன்சோல் வெறுமையாக இருந்தது.

"என்ன எழுதியிருக்கார்?"

"நிக்கலை, தம்பி. நிக்கிற மாதிரி நான் செய்யலை."

"நான் அணைச்சதாலயா?"

அணைத்ததனால்தான்.

"இல்லை. எப்படியும் போயிருக்கும்" என்றாள். அதில் பாதிதான் பொய். பிறகு கேட்டாள்: "எழுதி முடிச்சப்ப முகம் எப்படி இருந்துச்சு?"

"துணி மடிச்சுக்கிட்டிருந்தேன், அண்ணி. விரலைத்தான் பார்த்தேன். முகத்தைப் பார்க்கலை."

அவள் நிரலைத் திறந்தாள். பயிற்றுநர் சொன்னது சரிதான், இரண்டே வரிகள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கைக்கு வந்த எழுத்துகள் நான்கைத் தொட்டு, 'முடிந்தது' என்பதையும் தொட்டாள். பக்கத்தை மூடினாள். திறந்தாள். வரி நின்றது.

கொழுந்தன் அவள் தோளுக்கு மேலாகக் குனிந்தான். "வந்துடுச்சா அண்ணி?"

"இது நான் எழுதினது" என்றாள்.