ஒன்பதாவது பாட்டின் தத்தகாரம்

"நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லிடுண்ணா. உனக்குப் புண்ணியமா போகும்," என்று தங்கை வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே அவள் புருஷன் ஸ்பீக்கரை நகர்த்திக்கொண்டிருந்தான். பன்னிரண்டு மணிக்குள் அவனுடைய ஒன்பது பாட்டும் ஆடியோ கம்பெனிக்குப் போயாக வேண்டும்.

நானும் அவனும் முப்பது வருடம் ஒரே ராக் குழுவில் இருந்தோம். எழுதுவதும் பாடுவதும் அவன், பேஸ் கிட்டார் நான். குள்ளமாகக் குண்டாக இருப்பதால் எனக்குக் 'கட்டை' என்று பேர் வைத்ததும் அவன்தான். வேறு யாரும் என்னை அப்படிக் கூப்பிட நான் விட்டதில்லை. நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு, "இது தேறாது மாப்ளே" என்றேன். எல்லார் முன்னாலும் வாய்க்கு வந்தபடி திட்டினான். குழு உடைந்தது. அதற்கப்புறம் இந்த வாசலை நான் மிதிக்கவில்லை.

இப்போது தனியாக ஆல்பம் போட்டுவிட்டு, நீ கேட்காமல் அனுப்ப மாட்டேன் என்கிறான். பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுவான். நிஜத்தைச் சொன்னால் இன்னொரு நான்கு வருடம். எங்கள் வயதில் அதெல்லாம் கட்டுப்படியாகாது.

சத்தம் புகாமலிருக்க ஜன்னலில் மெத்தையைச் சாத்தியிருந்தான். முதல் பாட்டு சீறிக்கொண்டு வந்தது. இரண்டாவதும் பரவாயில்லை. மூன்றாவதில் சறுக்கியது. நான்காவதில் வயலின்கள், எதற்கென்று வயலினுக்கே தெரியாது. ஐந்தாவதில் இளைஞர்களுக்கு அறிவுரை. அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, வலது காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாட்டு பிடித்தால் அது தானாகத் தாளம் போடும். ஆறாவதுக்கு வேண்டுமென்றே ஆட்டினேன்.

"நடிக்காத," என்றான்.

ஏழாவதும் சறுக்கியது, எட்டாவது தப்பித்தது. ஒன்பதாவதுக்கு முன்னால் தொண்டையைச் செருமினான். "இதுதான் முக்கியமானது."

'கால தேவா, கதவைத் திற' என்று ஆரம்பித்தது. மெட்டு நல்ல மெட்டு. 'கால தேவா' வரும்போதெல்லாம் எனக்குத்தான் கூசியது.

"சொல்லு."

"இன்னொரு தடவை போடேன்," என்று நேரம் கடத்தினேன். மணி பதினொன்றரை.

பதற்றத்தில் வேறு எதையோ அழுத்திவிட்டான். வெறும் கிட்டார், பின்னால் சமையலறை மிக்சி. இதே பாட்டுக்கு வார்த்தை எழுதுவதற்கு முன் மெட்டுக்காகப் பாடிவைத்த தத்தகாரம். 'தன்னன தானன... கட்டை வாடா... தன்னன தானன... கட்டை வாடா...'

என் கால் ஆடியது. அவன் பாய்ந்து நிறுத்தினான்.

"இதை அனுப்பு."

"வார்த்தையே இல்லடா! வார்த்தை எழுதிச் சோறு தின்னவன் தன்னன தானனன்னு பாடினா ஊரு சிரிக்காது?"

"தேறாத அந்த அஞ்சு பாட்டுக்கு இது எவ்வளவோ தேவல."

வாய் தவறி வந்துவிட்டது. காபியோடு வந்த தங்கை வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். அவன் முகம் சிவந்தது, உதடு துடித்தது. திட்டப்போகிறான், எழுந்து போக வேண்டியதுதான் என்று செருப்பைத் தேடினேன்.

"அஞ்சா?" என்றான். "நான் நாலுன்னு நெனச்சேன்."

யாரும் சிரிக்கவில்லை.

"எப்ப பாடினது அது?" என்றேன்.

"மூணு வருஷம் இருக்கும்."

"கட்டைன்னு வருதே."

"தத்தகாரத்துல வாய்க்கு வந்ததுதான் வரும். அதுக்கெல்லாம் அர்த்தம் தேடாத."

"வாய்க்கு வந்தது நானா?"

அவன் கம்ப்யூட்டர் திரைப்பக்கம் திரும்பிக்கொண்டான். கால தேவாவை எடுத்துவிட்டு மிக்சி சத்தத்தோடு பழையதை அங்கே வைத்தான். தேறாத அஞ்சையும் தொடவே இல்லை. அவன் பிடிவாதம் அவனுக்கு. பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் அனுப்பினான்.

பிறகுதான், என் பக்கம் திரும்பாமலே சொன்னான்:

"அந்த எடத்துல வேற வார்த்தை எதுவும் ஒக்கார மாட்டேங்குதுடா."