தீட்டு என்றே சொல்லிவிட்டேன்

மலக்குடலை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னபோது எனக்கு முதலில் வந்தது பயமில்லை, கூச்சம்தான். பக்கத்தில் படிக்கிற பிள்ளைகள் நாலைந்து பேர் வெள்ளைக் கோட்டோடு நின்றார்கள். அத்தனை பேர் முன்னால் அந்த வார்த்தையை அவர் ஏதோ கத்திரிக்காய் என்பதுபோலச் சொன்னார்.

"எடுத்துட்டு, கீழ இருக்கிற வழியைத் தைச்சு மூடிடுவோம் வைஜெயந்தி. வயித்துல இருக்கிற பை இனிமே நிரந்தரம்."

"மறுபடியும் சேர்த்துத் தைச்சிடலாம்னு அன்னிக்குச் சொன்னீங்களே மேடம்?"

"கீழ இருக்கிற தசை வலுவா இல்லம்மா. சேர்த்தாலும் உங்களால அடக்க முடியாது."

குடல் புண் எனக்குப் பல வருஷமாக இருந்தது. முந்தின வருஷம் முற்றிப்போய், உயிர் போகிற நிலையில் புதுச்சேரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பெருங்குடலை எடுத்து, சிறுகுடலின் முனையைத் தொப்புளுக்கு வலப்பக்கம் வெளியே கொண்டுவந்து, அதன்மேல் ஒரு பையை ஒட்டினார்கள். மலம் அதில்தான் விழும். மலக்குடலை மட்டும் உள்ளேயே விட்டிருந்தார்கள். பை கொஞ்ச காலத்துக்குத்தான் என்று நான் மனசைத் தேற்றிக்கொண்டிருந்தேன். அந்தப் பாழாய்ப்போன மிச்சம் இப்போது உள்ளுக்குள் புண்ணாகி, சளியும் ரத்தமுமாகக் கசிந்தது. சதையைக் கிள்ளி எடுத்துச் சோதித்ததில் அது மாற ஆரம்பித்திருப்பது தெரிந்ததாம்.

"இன்னும் கேன்சர் ஆகலை. விட்டா ஆயிடும். சீக்கிரம் வந்து சேருங்க. பொம்பளை வார்டு, அதனால கூட இருக்க ஒரு பொம்பளையைக் கூட்டிட்டு வாங்க."

அங்கேதான் இடித்தது. போன தடவை அம்மா கூட இருந்தாள். இப்போது அம்மா இல்லை, கூடப் பிறந்தவளும் இல்லை. வீட்டுக்காரர் மோகன் உப்பு லாரி ஓட்டுகிறவர், தங்கமான மனுஷன், ஆனால் அவரை வார்டுக்குள் விடமாட்டார்கள். மரக்காணத்தில் என்னோடு உப்பளத்தில் வேலை செய்கிற பெண்களைத்தான் கேட்க வேண்டும். அவர்களிடம் நான் சொல்லி வைத்திருந்ததோ வேறு. கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள் என்று சொல்லியிருந்தேன். எங்கள் பக்கத்தில் நாற்பது வயசுக்காரி அப்படிச் சொன்னால் மறுகேள்வி கிடையாது. ஹார்லிக்ஸ் வாங்கிக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். இப்போது மறுபடியும் ஆபரேஷன் என்றால் எதை எடுக்கிறார்கள் என்று சொல்வது? ஒருத்திக்கு எத்தனை கர்ப்பப்பைதான் இருக்கும்!

"யோசிச்சுச் சொல்றேன் மேடம்" என்று எழுந்து வந்துவிட்டேன்.

ஊருக்குத் திரும்புகிற பஸ் கீழ்புத்துப்பட்டு தாண்டும்போது, கூட வந்திருந்த மோகன் மெதுவாகக் கேட்டார். "இதுல யோசிக்க இன்னா இருக்குது ஜெயந்தி?"

"உனக்கின்னா? உன் பின்பக்கத்தையா தைக்கப் போறாங்க?" என்று கத்திவிட்டேன். முன் சீட்டிலிருந்து ரெண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு மரக்காணம் வரைக்கும் தூங்குவதுபோல நடித்தேன்.

அந்த வாரமே உப்பளத்தில் அந்த வருஷத்தின் முதல் உப்பு விளைந்து வந்தது. எனக்கு இப்போது மூட்டை தைக்கிற வேலைதான், பாத்தியில் இறங்குவதில்லை. ஆனால் முதல் உப்பன்று அந்த வருஷம் கூலிக்கு நிற்கிற எல்லாரும் பாத்தியில் இறங்கி, ஆளுக்கு ஒரு இழுப்பு பலகை போட்டு உப்பு வார வேண்டும். வரப்பில் கற்பூரம் ஏற்றிய பிறகுதான் இறங்குவோம். தீட்டு நாளில் இருக்கிறவள் அன்றைக்கு மட்டும் கரையிலேயே நின்றுவிடுவாள். எனக்குத்தான் கர்ப்பப்பையே இல்லையே, நான் எப்படிக் கரையில் நிற்பது? இறங்கினேன். பலகையைக் குனிந்து இழுக்கும்போதே பின்னால் ஈரமாகிவிட்டது. சரி, அதே சளிதான், துணி மடித்து வைத்திருக்கிறோமே என்று இழுத்து முடித்தேன்.

"ஏய் ஜெயந்தி, நில்லுடி."

அருக்காணி அக்காவின் குரல். எங்கள் கூட்டத்துக்கு அவள்தான் தலைவி, அவள் வாய்க்கு மேஸ்திரியே பயப்படுவார். என் புடவையின் பின்பக்கத்தைப் பிடித்துப் பார்த்தாள். ரத்தம். காலடியில் வெள்ளை உப்பிலும் இரண்டு சொட்டு.

"கர்ப்பப்பை எடுத்துட்டேன்னியே, இது இன்னாடி?"

எல்லாரும் பார்த்தார்கள். அந்த நேரத்தில் என் புத்தி எங்கே போனதோ! ஆசனவாயிலிருந்து வருகிறது என்று சொல்வதைவிட, பொய்க்காரி என்று பேர் வாங்குவது எனக்குச் சுலபமாக இருந்தது.

"எடுக்கல அக்கா. சும்மா சொன்னேன். தீட்டுதான்" என்றேன்.

"தீட்டோட முதல் உப்புல இறங்கினியா, பாவி!"

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. ரெண்டாம் நாள் காலையில் மாசி மாசத்தில் மழை பிடித்துக்கொண்டது. மாசியில் மழையை யார் கேட்டார்கள்? வாரிக் குவித்த உப்பும் பாத்தியில் விளைந்த உப்பும் கரைந்து ஓடிவிட்டன. பாத்தி மறுபடி காய்கிறவரைக்கும் ஒருத்திக்கும் வேலையில்லை. பால் வாங்கப் போனால்கூட என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். வானத்திலிருந்து விழுந்த மழைக்கு நான் என்ன செய்வேன் என்று எரிச்சலாக இருந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பழியையும் தாங்கிக்கொள்ளலாம், இதைச் சொல்ல முடியாது என்றுதான் இருந்தேன். டாக்டரம்மாவிடமிருந்து போன் வந்தால் எடுக்காமல் விட்டேன்.

பாத்தி காய்ந்து வேலைக்குப் போன அன்று, மேஸ்திரி சடையப்பன் வரப்பில் குறுக்கே நின்றுகொண்டார்.

"இனிமே முதல் உப்புக்கு மட்டும் இல்ல, தெனமும் கேட்டுத்தான் உடுவேன். ஒவ்வொருத்தியா வந்து சொல்லிட்டு இறங்குங்க. ஒருத்தி பண்ண வேலைக்கு முதலாளி என்னைத் திட்றாரு."

லாரிப் பக்கம் லோடு ஆட்கள் பீடியோடு நின்றார்கள், மோகனும் நின்றார். நாலாவதாக ஜான்சியின் முறை வந்தது. போன வருஷம்தான் கல்யாணமாகி வந்த பெண், அதிர்ந்து பேசமாட்டாள். மாதா கோயிலுக்குப் போகிறவள், அவளுக்கும் இந்தத் தீட்டுக்கும் சம்பந்தமே இல்லை.

"நீ எப்படிம்மா?"

அவள் தலை குனிந்தாள். "நேத்துதான்…"

"அப்ப இங்க இன்னா வேலை? கரையில ஏறு."

லோடு ஆட்களில் ஒருத்தன் சிரித்தான். ஜான்சி தலைத்துணியை முகத்தில் அழுத்திக்கொண்டு நின்றாள், தோள் குலுங்கியது. ஐயோ, என்னால்தானே! நான் மறைத்த அசிங்கம் இந்தப் பெண்ணின் தலையில் போய் விழுந்ததே!

"யோவ் மேஸ்திரி, அவளை உடு!" என் குரல்தான், எனக்கே அடையாளம் தெரியவில்லை. "அன்னிக்கு வந்தது தீட்டே இல்ல. மலக்குடல்ல வர்ற ரத்தம். எனக்குக் குடல்ல நோய். வெளிக்குப் போறது வயித்து வழியா, பையில. பாக்கறியா? வா, பாரு!"

ஆத்திரத்தில் முந்தானையை விலக்கிவிட்டேன். அந்தச் சமயம் பார்த்துக் குடல் முனை சத்தம் போட்டது. காற்றுப் பிரிகிற சத்தம். அடக்கக்கூடிய சமாச்சாரமா அது? வெட்டவெளியில் எல்லாருக்கும் கேட்டது. மேஸ்திரி ரெண்டு அடி பின்வாங்கினார். அப்படியே மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது, வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஜான்சிதான் முதலில் பேசினாள். "அக்கா, இதை அன்னிக்கே சொல்லியிருந்தா நான் இப்படி நின்னிருப்பேனா?"

நியாயமான கேள்வி. "மன்னிச்சுக்கடி" என்றேன், அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அருக்காணி அக்கா எதிரில் வந்து குந்தினாள். "இதை எப்ப மூடுவாங்க?"

"இதை மூடமாட்டாங்க அக்கா. மலக்குடலை எடுத்துட்டு, கீழதான் மூடித் தைப்பாங்க. திங்கக்கிழமை போய் படுக்கப் போறேன்."

திங்கட்கிழமை என்று யாரும் தேதி கொடுக்கவில்லை. வாயில் அதுதான் வந்தது. சொன்ன பிறகு மாற்றிச் சொல்லத் தோன்றவும் இல்லை. லாரிப் பக்கம் மோகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி நின்றார்.

"கூட யாருடி?"

நான் வரப்பு மண்ணைக் கிள்ளினேன்.

"அதானே பார்த்தேன். நான் வர்றேன். ஆனா அந்தப் பையை எடுத்துக் கழுவறது எப்படின்னு அங்க வந்து முழிச்சிக்கிட்டு நிக்க முடியாது. இப்பவே காட்டு."

"இங்கயா? சீ, வேணாம் அக்கா."

"வேற எங்க? இங்க மறைப்புக்கு மரமா இருக்குது? டேய், ஆம்பளைங்க எல்லாம் அந்தாண்ட திரும்புங்கடா! மேஸ்திரி, உனக்கும்தான் சொல்றேன்."

பெண்கள் வந்து என்னைச் சுற்றி முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள். ஜான்சியும் வந்தாள். தன் தலைத்துணியை அவிழ்த்து, விரித்துப் பிடித்தாள். எனக்குக் காதுமடல்வரைக்கும் எரிந்தது. அக்காவின் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவே முடியவில்லை. குனிந்தபடியே பாவாடை நாடாவைத் தளர்த்தி, பையை அவளிடம் காட்டினேன்.