அறுபது ரூபாய்க்குக் கீழே

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஒரு எழுபது பைசாப் பொய்யிலிருந்து பிறந்தது.

2004 ஏப்ரலில், என்னிடமிருந்த பழைய பங்குப் பத்திரங்களைக் கம்ப்யூட்டர் கணக்குக்கு மாற்றுவதற்காகச் செங்கல்பட்டில் ஒரு பங்குத் தரகரின் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன். மாலை ஐந்தே முக்கால். போன் அடித்தது. மேஜையிலிருந்த பெண் எடுத்தாள். அவள் முன்னாலிருந்த திரையில் ஒரு மின்சாரக் கம்பெனிப் பங்கின் அன்றைய முடிவு விலை எனக்கும் தெரிந்தது: 59.40.

“அறுபது பத்து சார்” என்றாள் போனில். பிறகு சிரித்தாள்.

நான் பார்த்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் கற்பனை. அவள் பெயர்கூட.

2

முதல் தொடக்கம்: [ஜெனிஃபரின் மெல்லிய விரல்கள் விசைப்பலகையின் மேல்…] வேண்டாம். என் நாற்பத்தொரு குடும்ப நாவல்களிலும் கதாநாயகிக்கு விரல்கள்தான் முதலில் வருகின்றன.

இரண்டாவது: [மறுமுனையில் இருந்தவர் ஓய்வுபெற்ற தாசில்தார். அதிர்ச்சியே கூடாது என்று டாக்டர் அவரை…] அடித்துவிட்டேன். எழுபது பைசாவுக்கெல்லாம் யாருக்கும் நெஞ்சு வலிக்காது.

மூன்றாவது நிற்கிறது. மறுமுனையில் ஹரிகிருஷ்ணன். வயது இருபத்தொன்பது. ஊர் கும்பகோணம் பக்கம், இப்போது அணுபுரம் குடியிருப்பில் தனியாக இருக்கிறான். அணுமின் நிலையத்தில் மீட்டர்களைச் சரிபார்க்கும் வேலை. அந்தப் பங்கில் ஐம்பது வைத்திருக்கிறான். கணக்குத் தொடங்க ஒரே ஒரு முறை அந்த அலுவலகத்துக்கு வந்ததோடு சரி. அதற்குப் பிறகு தினமும் வேலை முடிந்து பஸ் இறக்கிவிட்டதும் டெலிபோன் பூத்துக்குள் நுழைந்து, ஜெனிஃபரிடம் விலை கேட்கிறான்.

3

அந்தப் பங்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். (அவசரக்காரர்கள் நாலாம் பகுதிக்குப் போகலாம். கோபித்துக்கொள்ள மாட்டேன்.)

சாஃப்ட்வேர் பங்குகள் ஒரே நாளில் இருபது ரூபாய் ஏறி இருபத்தைந்து இறங்கும். மின்சாரப் பங்குக்கு அந்தப் பழக்கம் கிடையாது. வெயிலானாலும் மழையானாலும் ஜனங்கள் விளக்குப் போடுகிறார்கள், பில் கட்டுகிறார்கள். அதனால் நாளொன்றுக்கு இருபது பைசா மேலே, முப்பது பைசா கீழே. சந்தை முழுக்கக் கூத்தாடும் நாளில்கூட இது எழுந்து நின்று எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்துகொள்ளும். நான் கட்டிக்கொண்ட மனிதரும் இந்த ரகம்தான். அன்பாகத்தான் சொல்கிறேன்.

அசையாத பங்கை ஏன் தினமும் விசாரிக்க வேண்டும்? அசையாததால்தான். விலையைச் சொல்ல நாலு விநாடி போதும். பூத்தில் ஒரு காலுக்குக் கிடைக்கும் மூன்று நிமிஷத்தில் மீதியை எதையாவது பேசி நிரப்பியாக வேண்டும்.

“இன்னா சார், இன்னிக்கு லேட்டு?”

“பஸ் பஞ்சர். எவ்ளோ?”

“அறுபத்திரண்டு இருபது. நேத்து இன்னாவோ அதே.”

“இது உயிரோட இருக்கா இல்லையா?”

“மூச்சு கீது சார். ஒடம்புதான் அசையல.”

“ஞாயித்துக்கிழமை மாமல்லபுரம் போனேன். ஒரே காத்து. சட்டைப் பையெல்லாம் மணல்.”

“தனியாவா போனீங்க?”

“ஷேர் வாங்கினப்பவும் தனியாத்தான் வாங்கினேன்.”

“அத்த யாரு கேட்டா?”

ஜெனிஃபர் செய்யூரிலிருந்து ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் வருபவள். அவள் அப்பா தாவீது அடுத்தவர் நிலத்தில் அறுவடைக் கூலிக்குப் போனவர். அந்த வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பளம் வாங்கும் முதல் ஆள் இவள்தான்.

4

பிப்ரவரிக் கடைசியில் பங்கு மெல்ல இறங்கத் தொடங்கியது. ஒருநாள் ஹரி சொன்னான்.

“அறுபதுக்குக் கீழ முடிஞ்சா சொல்லுங்க, வித்துடலாம். எங்க வேலையில எல்லாத்துக்கும் ஒரு கீழ் எல்லை உண்டு. அதத் தாண்டினா யோசிக்கவே கூடாது, நிறுத்திடணும்.”

“வித்துட்டு?”

“வித்தா முடிஞ்சுது. தினம் போன் பண்ணி உங்களத் தொந்தரவு பண்ண மாட்டேன்.”

திரையில் 59.40 என்று இருந்தது அவள் வாயில் அறுபது பத்தாக மாறியது இதனால்தான்.

இதுவரை எழுதியதை என் தோழி தெய்வநாயகியிடம் கொடுத்தேன். என் கைப்பிரதிகளை முதலில் படிப்பவள் அவள்தான்.

“இது மோசடிடி. தரகருக்குத் தெரிஞ்சா அன்னிக்கே அவள அனுப்பிடுவார்.”

“தெரியும்.”

“அத வுடு. மறுநாள் பேப்பர்ல விலை வருமே, அவன் பாக்க மாட்டானா? மீட்டர் பாக்கறவன்னு வேற எழுதி வச்சிகினு கீற.”

இதை நான் யோசித்திருக்கவில்லை. இரண்டு நாள் பேனாவையே தொடவில்லை.

5

மூன்றாம் நாள் தெரிந்தது: ஹரி பார்க்கிறான்.

அவன் அறையில் ஒரு கிராஃப் தாள் இருக்கிறது. பேப்பரில் வரும் விலையை நீல மையில் குறிக்கிறான். ஜெனிஃபர் சொல்லும் விலையைப் பச்சை மையில். பிப்ரவரி வரை இரண்டும் ஒரே கோடு. மார்ச்சில் பிரிகின்றன. நீலம் 59.80, 59.10, 58.60 என்று அலைகிறது. பச்சை, தரையில் போட்ட பந்து மாதிரி, அறுபதைத் தொட்டதும் மேலே எழும்புகிறது.

முள் ஓரிடத்துக்குக் கீழே இறங்க மறுக்கும் மீட்டரைக் கண்டால் உடனே கழற்றிப் பழுது பார்ப்பவன் அவன். இந்த மீட்டரை மட்டும் தொடவில்லை. ஒன்பது வாரமாக “எவ்ளோ?” என்று கேட்டு, சொன்னதைப் பச்சையில் குறித்துக்கொள்கிறான்.

“தெரிஞ்சும் வாயத் தொறக்காதவன் இன்னா ஆளு?” என்றாள் தெய்வநாயகி.

எனக்கும் அவன்மேல் சந்தேகம்தான். [அவன் ஒரு கோழை. அவன் ஒரு… ] இல்லை. தெரியும் என்று சொன்னால் அவள் கூசிப்போய் இனி போனையே எடுக்க மாட்டாளோ என்று பயப்படுகிறான். உண்மை விலையைச் சொன்னால் அவன் கூப்பிட மாட்டானோ என்று அவள் பயப்படுகிறாள். நான் இரண்டு பேர் பக்கமும்தான்.

6

அந்த மே மாதத் திங்கட்கிழமை என் கற்பனையல்ல. சந்தை விழுந்த வேகத்தில் வர்த்தகத்தையே கொஞ்ச நேரம் நிறுத்திவைத்தார்கள். திரையில் எல்லா விலைகளும் விழுந்த இடத்திலேயே உறைந்து நின்றன. இருபது முப்பது பைசாவுக்கு மேல் அசையாத நம் பங்கு 48.15.

தரகர் கோதண்டராமன் (பெயரும் வழுக்கையும் நான் கொடுத்தவை) இரண்டு காதிலும் இரண்டு போன் வைத்துக்கொண்டு ஜெனிஃபரின் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறார்.

“இன்னாமா, மூணாவது போன் அடிச்சிகினே கீது. எடு. கரெக்டா ரேட்டச் சொல்லு. இன்னிக்கு ஒரு பைசா மாத்திச் சொன்னாலும் என் வூட்டாண்ட வந்து நிப்பானுங்க.”

எடுக்கிறாள். மணி பதினொன்றரை. இந்த நேரத்தில் அவன் கூப்பிட்டதே இல்லை.

“ஹரி சார்?”

“ஆமா. எவ்ளோ?”

அவனுக்குப் பின்னால் யாரோ, “நாப்பத்தெட்டாம்பா” என்று சொல்வது அவள் காதிலும் விழுகிறது. ஆக, அவனுக்குத் தெரியும். தெரியும் என்பது அவளுக்கும் இப்போது தெரியும். சந்தை நின்றிருப்பதால் யாரும் எதையும் விற்க முடியாது. அவள் சொல்லப்போகும் எண்ணால் இந்த நிமிஷத்தில் ஒரு ரூபாய்க்குக்கூடப் பிரயோஜனம் கிடையாது.

பிறகு எதற்காகக் கேட்கிறான்?

7

முடிவு ஒன்று: [கல்யாண மண்டப வாசலில் ஹரியின் அம்மா சகுந்தலாவும் தாவீதும்…] என் கை பழக்கத்தில் எழுதிவிட்டது. அந்த இரண்டு பேரையும் ஒரே மண்டபத்தில் உட்காரவைக்க எனக்கு இன்னும் முந்நூறு பக்கம் வேண்டும்.

முடிவு இரண்டு: [லைன் கட்டாகிவிட்டது.] அது என் கோழைத்தனம்.

முடிவு மூன்று:

“எவ்ளோ ஜெனிஃபர்?” என்கிறான் மறுபடியும். முதல் முறையாகப் பெயரைச் சொல்லி.

கோதண்டராமன் குனிந்து பார்க்கிறார்.

“………… சார்.”

இடம் விட்டிருக்கிறேன். விலையை நீங்களே எழுதுங்கள். உண்மை விலையை எழுதினால் அவள் வேலை நிலைக்கும். சந்தை திறந்ததும் ஹரி தன் விதிப்படி விற்றாக வேண்டும். நாளை மாலை அவளைக் கூப்பிட அவனுக்குப் பங்கு இருக்காது. வாய் திறந்து வேறு ஏதாவது சொல்லியாக வேண்டும், அதற்கு அவனுக்குத் தைரியம் வருமா என்று எனக்குத் தெரியாது. அறுபதுக்கு ஒரு பைசா மேலே எழுதினால் அவள் நாளை செய்யூரில் வேலைக்குப் பஸ் ஏற வேண்டியிருக்காது. ஆனால் அவள் என்ன சொன்னாள் என்பது ஒரே ஒருவனுக்குச் சந்தேகமில்லாமல் புரியும்.

நான் என் பிரதியில் எழுதிவிட்டேன். காட்ட மாட்டேன்.

நீங்கள் எதை எழுதினாலும் சரி, பென்சிலால் மட்டும் எழுதாதீர்கள்.