ஹாக்கின்ஸின் பூர்வீகம்

அயர்லாந்து வரைபடத்தில் ஹாக்கின்ஸ்டவுன் ஏன் இல்லை என்பது தெரிந்த அன்று, இராசமலர் ஆக்லாந்து நூலகத்திலிருந்து சான்ட்ரிங்ஹாமில் இருந்த வீடு வரை பஸ் ஏறாமல் நடந்தே வந்தாள். அவளை வீட்டுவேலைக்கு வைத்திருக்கும் கிழவர் ஹாக்கின்ஸின் பூர்வீக ஊர் அது. விடுதலைக்குப் பிறகு அதற்குப் பாலிநகரா என்ற பழைய பெயரையே திருப்பி வைத்துவிட்டார்கள். முந்நூறு வருடங்களுக்கு முன் அங்கிருந்த சனங்களைத் துரத்திவிட்டு, தன் சிப்பாய்களைக் குடியேற்றி, ஊருக்குத் தன் பெயரை வைத்தவன் ஹாக்கின்ஸ் என்ற ஆங்கிலேயத் தளபதி. கிழவரோ, தன் குடும்பம்தான் துரத்தப்பட்டது என்று நம்பி உருகுகிறவர்.

இராசமலரின் ஊரான புளியமுனையையும் அப்படித்தான் எடுத்தார்கள். எண்பத்து நான்கில் ஆமி வந்து, பொழுது சாய்வதற்குள் போகச் சொன்னது. இப்போது அங்கே வேறு சனம். ஊருக்குச் சியம்பலாகம என்று சிங்களப் பெயர். அவளுடைய தம்பி கொழும்பு லொட்ஜ் ஒன்றில் ஒளிந்திருக்கிறான். தன் பூர்வீக ஊரைக் கண்டுபிடித்துத் தந்தால், விசா கொடுக்கும் இடத்தில் வேலை பார்க்கும் மருமகனிடம் தம்பிக்காகச் சொல்வதாகக் கிழவர் வாக்குக் கொடுத்திருந்தார்.

"உள்ளதைச் சொல்லப் போறன்," என்றாள் கணவனிடம்.

மகேசன் சோற்றுக் கோப்பையிலிருந்து நிமிரவில்லை. "சொல்லும். அரிச்சந்திரன்ர பேத்தியெல்லே நீர். நாளைக்குத் தம்பியைப் பிடிச்சுக்கொண்டு போனாப்பிறகு, அவன்ர படத்துக்கு மாலை போட்டிட்டு உண்மையைக் கும்பிடும்."

"துரத்தின ஆக்களப்பா அவையள். துரத்தப்பட்டதெண்டு நினைச்சு அழுறார்."

"அழட்டும். அழுற கிழவன்தான் போன் எடுப்பான்."

மறுநாள், பழைய பெயர் பாலிநகரா என்றும் ஆங்கிலேயர்தான் அதை மாற்றினார்கள் என்றும் கிழவரிடம் சொன்னாள். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. மிச்சத்தை விழுங்கிக்கொண்டாள். கிழவர் விம்மினார். அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"திருட்டுப் பயல்கள்! ஊரின் பெயரையே பறிகொடுப்பது என்னவென்று உனக்குப் புரியாது, பெண்ணே."

"புரியாதுதான்," என்றாள்.

அழுகை அடங்கியதும் கிழவர் மருமகனைத் தொலைபேசியில் கூப்பிட்டு, அவள் தம்பியின் பெயரையும் ஊரையும் சொன்னார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தவரின் முகம் சுருங்கியது. "புளியமுனை என்று ஓர் ஊர் வரைபடத்தில் இல்லையாம். உண்மையிலேயே இருக்கிறதா? அல்லது என்னை வைத்து விளையாடுகிறாயா?"

அவர் விரல் இணைப்பைத் துண்டிக்கும் பொத்தான் பக்கம் போனது.

"சியம்பலாகம," என்றாள் இராசமலர். இதுவரை அவள் வாய் அந்தப் பெயரை உச்சரித்ததில்லை.

கிழவர் அதைத் திருப்பிச் சொன்னார், காத்திருந்தார், பிறகு முகமெல்லாம் சிரித்தார். "இருக்கிறதாம்! எழுத்துக் கூட்டிச் சொல்."

ரிசீவரை அவள் வாயருகே நீட்டினார். அவள் குனிந்து ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லத் தொடங்கினாள். கிழவரின் ஈரக்கை அவள் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது.