செவேரோவுக்குச் சுட்ட பாண்

ஃபுட்ஸ்கிரேயில் ஒரு பேக்கரியின் போறணை அடுப்புக்கு முன்னால் நிற்கிற வேலை நாகேஸ்வரிக்கு. யாழ்ப்பாணத்தில் கணக்குப் படிப்பித்தவள் மெல்பேணில் பாண் சுடுகிறாளே என்று சொந்தக்காரர் மூக்கைச் சுளித்தார்கள். சுளித்தவர்களுக்கு அவள் கடிதம் போடுவதை நிறுத்திவிட்டாள். அவளிடம் ஒரு குறை இருந்தது. கேளாமலே ஓடிப்போய் உதவி செய்வாள். 1977ஆம் ஆண்டு அந்தக் குணம்தான் அவளைச் சந்தியில் நிறுத்தியது.

மா பிசைகிற மேசையில் அவளுக்கு எதிரே நிற்பவள் பசிலியா, பொலிவியாக்காரி. அண்டீஸ் மலையில், நாலடி நடந்தாலே மூச்சு வாங்குகிற உயரத்தில் ஒரு சுரங்க ஊர் அவளுடையது. மத்தியானச் சாப்பாட்டுக்கு, உறைபனியில் போட்டுக் காலால் மிதித்துக் காயவைத்த கறுத்த உருளைக்கிழங்கை அவித்துக் கொண்டுவருவாள். பார்க்க, பனங்கிழங்கைக் காயவைத்த ஒடியல் மாதிரி இருக்கும். இருவரும் அரைகுறை இங்கிலிஷில் ஊர்க்கதை பேசுவார்கள்.

"எங்கள் மலையில் வெள்ளி இருந்தது, ஸ்பானியன் கொண்டுபோனான். தகரம் இருந்தது, முதலாளி கொண்டுபோனான். மிஞ்சியது செவேரோ. அவனை ராணுவம் கொண்டுபோனது" என்பாள் பசிலியா.

செவேரோ அவள் புருஷன், தொழிற்சங்கத்தில் முன்னுக்கு நின்றவன். வீட்டிலிருந்து ஏற்றிக்கொண்டு போய் மூன்று வருடமாகிவிட்டது. எங்கே என்று கேட்டால், அப்படி ஒருவனை நாங்கள் கண்டதே இல்லை என்று ராணுவம் கையை விரித்தது. பசிலியா தங்கையின் தயவில் மெல்பேண் வந்து சேர்ந்தாள். அவன் படம் அவள் பர்ஸிலேயே இருக்கும்.

ஒக்டோபர் கடைசி நாள் பின்னேரம், அங்குள்ள பொலிவியாக் குடும்பங்களுக்குப் பெரியவரான தோன் ஹசின்த்தோ முதலாளியைக் கேட்டுப் போறணையை வாங்கிக்கொண்டார். மாவில் குதிரை செய்தார்கள், ஏணி செய்தார்கள், முகம் வைத்த பொம்மைகள் செய்தார்கள். பொம்மை ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், பெயரெல்லாம் ஒரு தாளில். நாகேஸ்வரி தைப்பொங்கல் மாதிரி ஏதோ நல்ல நாள் என்று நினைத்தாள். அந்தத் தாளில் செவேரோ இல்லாததைக் கண்டதும் அவளுக்கு மனம் பொறுக்கவில்லை. பர்ஸில் கண்ட படத்தை நினைத்துத் தானே மாவை எடுத்தாள். இரண்டு கிராம்பில் கண், சொக்லேட்டில் தடித்த மீசை, தலையில் சுரங்கத் தொப்பி. ஹசின்த்தோ பார்த்துவிட்டு அவள் தோளில் தட்டினார். "நல்ல காரியம் செய்தாய் மகளே" என்றாரே தவிர, விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை.

தட்டுக் கழுவ வந்த பசிலியாவிடம் அதைச் சுடச்சுட நீட்டினாள். "ஆரெண்டு தெரியுதோ?"

பசிலியா மா மூட்டையின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "இது செத்தவர்களுக்குச் செய்வது" என்றாள். "நாளை மத்தியானம் ஆவிகள் ஏணியால் இறங்கிவரும். தின்று குடித்து, மிச்சத்தைக் குதிரையில் ஏற்றிக்கொண்டு மறுநாள் போகும். செத்தவரின் உருவம்தான் இந்தப் பொம்மை. மூன்று வருடமாக எல்லாரும் செய் செய் என்றார்கள். நான் செய்யவில்லை."

நாகேஸ்வரிக்கு அப்போதுதான் விளங்கியது. உயிரோடு இருக்கிறான் என்று ஒருத்தி காத்துக்கொண்டிருக்க, அவள் புருஷனுக்குத் தான் அந்தியேட்டிச் சடங்கே செய்து முடித்திருக்கிறாள். அதுவும் மீசை வைத்து. தன் கையைத் தானே வெட்டிப்போடலாம் போல வெட்கமாக இருந்தது.

ஹசின்த்தோ பொம்மையை வாங்கித் துணியில் சுற்றினார். "பெயர் சொல்லிச் சுட்டாகிவிட்டது. இனிப் படைக்காவிட்டால் அவன் பசியோடு வாசலில் நின்று அழுவான். போதும் பசிலியா."

"நான் படைத்தால் ராணுவத்துக்கு வேலை மிச்சம். அவன் எங்கே என்று கேட்க ஒரு ஆள் இருக்காது" என்றாள் அவள். அவர் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை, பொம்மையோடு போய்விட்டார்.

அன்று வீட்டுக் குசினியில் நாகேஸ்வரி மறுபடியும் மா குழைத்தாள். கணவன் மகேந்திரராஜா எட்டிப் பார்த்தான்.

"என்ன செய்யிறீர்?"

அவள் நடந்ததைச் சொன்னாள். "இப்ப உங்களைத்தான் செய்யிறன். செத்தவையின்ரை மேசையிலை வைக்கப்போறன்."

"என்னை உயிரோடை அனுப்பப்போறீரோ?"

தாலி கட்டியவனைப் படையலில் வைக்கப்போகிறாள் என்று அம்மாவுக்குத் தெரிந்தால் ஏழு கோயிலுக்கு நேர்த்தி வைப்பாள். ஆனாலும் கை நிற்கவில்லை. "நான் கெடுத்தது, நான்தான் சரிக்கட்டவேணும்."

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "அப்பிடியெண்டால் மூக்கையாவது வடிவாய் வையும்."

நவம்பர் முதலாம் தேதி செவ்வாய்க்கிழமை, குதிரைப் பந்தயத்துக்காக மெல்பேணுக்கே லீவு. தேவாலய மண்டபத்தில் கறுப்புத் துணி விரித்த மேசையில் கரும்பும் பூத்த வெங்காயமும் பாண் குதிரைகளும் இருந்தன. நடுவில் செவேரோ. பசிலியா கறுப்பு உடுக்காமல் சிவப்புச் சட்டையோடு வந்து கதவடியில் நின்றாள். ஒருவரும் அவளோடு பேசவில்லை.

ஹசின்த்தோ ஜெபத்துக்குத் தொப்பியைக் கழற்றிய நேரம், நாகேஸ்வரி போய்க் கண்ணாடி போட்ட பொம்மையைச் செவேரோவுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இது யார்?" என்றார் பெரியவர்.

"என்ரை மனுசன்."

"எப்போது இறந்தார்?"

"சாகேல்லை. வெளியிலை காருக்குள்ளை இருந்து ரேடியோவிலை குதிரை ஓட்டம் கேக்கிறார்."

மண்டபம் முணுமுணுத்தது. ஹசின்த்தோவுக்கு முகம் சிவந்தது. "உயிரோடிருப்பவனை இங்கே வைப்பது பெரும் பாவம். எடு அதை."

"உயிரோடை இருக்கிறார் எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்? நீங்கள் அவரைக் கண்டதே இல்லை."

"நீ சொல்கிறாய். அவன் மனைவி நீ."

"மனுசி சொன்னால் போதுமெண்டால், மூண்டு வருசமாய் இவளும் அதைத்தானே சொல்லுறாள்."

ஹசின்த்தோ மகேந்திரராஜாவை எடுத்து நாகேஸ்வரியிடம் கொடுத்தார். செவேரோவைத் தொட அவருக்குத் துணிவு வரவில்லை.

பசிலியா நடந்து வந்தாள். தானே அதை எடுத்தாள், இரண்டாகப் பிய்த்தாள். ஒரு பாதியைப் பெரியவரின் கையில் வைத்தாள்.

"தின்னுங்கள். இது செத்தவனின் பாண் இல்லை, நேற்றைய பாண்."

மற்றப் பாதியை அவள் எல்லாருக்கும் முன்னால் கடித்து மென்றாள். கண்ணால் நீர் ஓடியது, துடைக்கவில்லை.

"செவேரோ வந்து தன் பாண் எங்கே என்று கேட்டால், நான் தின்றுவிட்டேன் என்று சொல்லிக்கொள்கிறேன்" என்றாள்.